அந்த வால்வை இன்னுமா மாட்டவில்லை

சொட்டு விழுந்ததும் அப்பா வாயைத் திறந்துகொள்கிறார். எரிவது கண், திறப்பது வாய். இந்த நீள பெஞ்சில் தலையைச் சுவரில் சாய்த்து உட்கார்ந்திருக்கிற எல்லோருமே வாயைத் திறந்துதான் வைத்திருக்கிறார்கள், நெற்றியில் ஆளுக்கொரு பச்சை ஸ்டிக்கர், கண்பாப்பா விரியிற வரைக்கும் திறக்காதீங்க ஐயா, நடுவுல வந்து இன்னொரு சொட்டு விடுவேன் என்று சொல்லிவிட்டு நர்ஸ் அடுத்த தலையை நிமிர்த்தப் போய்விட்டாள். அப்பா மூடிய கண்ணோடு கையை நீட்டித் துழாவுகிறார், என் முழங்கை, என் பை, பிறகு என் மடியிலிருக்கிற புத்தகம், அதன் அட்டையை ஒருமுறை தடவிவிட்டுக் கையை எடுத்துக்கொள்கிறார். "படிடா அழகு." நான் பக்கத்தைப் புரட்டுகிறேன். புரட்டுகிற சத்தம் அவருக்குக் கேட்க வேண்டும் என்பதற்காகப் புரட்டுகிறேன், உண்மையில் புரட்ட எதுவும் இல்லை, இரண்டு வாரமாக நான் ஒரே பக்கத்தில்தான் இருக்கிறேன். "எங்க விட்டோம்?" "பய வால்வு மாட்டிக்கிட்டிருந்தான்ப்பா." "அந்த வால்வ இன்னுமாடா மாட்டல?" அப்பாவுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிற அம்மாள், மேலூர்ப் பக்கம் என்று காலையில் சீட்டு போடும்போது சொன்னார், கண்ணைத் திறக்காமலே கேட்கிறார், "யாருங்க தம்பி, மெக்கானிக் ஷெட்டு வச்சிருக்காரா உங்காளு?" அப்பா சொல்கிறார், "இல்லக்கா, அவன் ஆகாசத்துல இருக்கான்." அந்த அம்மாள் "அடப் பாவமே" என்று உச்சுக் கொட்டுகிறார், செத்துப்போனதாக நினைத்துக்கொண்டார் போல. அப்பா திருத்தவில்லை. சட்டைப் பையில் என் போன் நெஞ்சோடு ஒட்டிக் கிடக்கிறது, அதற்குள் அந்த மெயில் கிடக்கிறது, இன்று மாலைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

பயல் என்பது விண்வெளிக் கப்பலை ஓட்டுகிறவன். அவனுக்குப் புத்தகத்தில் வேறு பெயர் இருக்கிறது, அதில் வருகிற கிழவருக்கும் வேறு பெயர் இருக்கிறது, ஆனால் அப்பா புத்தகத்துக்கு முன்னாலேயே அவர்களுக்குப் பெயர் வைத்துவிட்டார், பய, பெருசு. முதலில் இந்தக் கதை ஒரு வீடியோ கேம்தான். பிளஸ் டூவில் எனக்கு அரசாங்கம் கொடுத்த லேப்டாப்பில் ஹாஸ்டல் நண்பன் ஏற்றிவிட்டது, நான் இரண்டு நாள் ஆடிவிட்டு விட்டுவிட்டேன், எனக்கு எதையும் சுடாத கேம் பிடிக்கவில்லை. சர்க்கரை ஏறி லைசென்ஸைப் புதுப்பிக்க முடியாமல் அப்பா வீட்டில் உட்கார்ந்த வருடம் விடுமுறைக்கு வந்து பார்த்தால் அவர் ஆடிக்கொண்டிருக்கிறார், சாத்தூரிலிருந்து நாக்பூருக்குத் தீப்பெட்டி லோடு ஓட்டிய ஆள், லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, அரசாங்க முத்திரை போட்ட லேப்டாப்புக்கு முன்னால் சம்மணம் போட்டு, இருட்டுக்குள் ஒரு கப்பலை ஓட்டிக்கொண்டிருக்கிறார். ஒரு எழுத்துகூட வாசிக்காமல். உடைந்து மிதக்கிற கப்பல்களில் ஏறி உதிரிபாகம் பொறுக்க வேண்டும், கொண்டுவந்து பெருசு தனியாகக் காக்கிற விளக்குக் கூண்டில் பொருத்த வேண்டும், விளக்கு எரிந்தால் தூரத்தில் போகிற கப்பல்களுக்கு வழி தெரியும், அவ்வளவுதான் கேம். "காயலான் கடை மாதிரிதான்டா" என்றார். சந்தோஷமாக இருந்தார். அம்மா சத்துணவுக் கூடத்திலிருந்து வந்து, இந்த மனுசன் லாரியில இருந்தாலும் வீட்ல இல்ல, வீட்ல இருந்தாலும் வீட்ல இல்ல என்று சொல்லிவிட்டுத் தட்டை வைத்துவிட்டுப் போவாள். அப்புறம் ஒரு மத்தியானம் நான் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன், கப்பல் நேராகப் போக வேண்டிய இடத்தில் சட்டென்று வளைந்தது, மறுபடி வளைந்தது, வெட்டவெளியில் போதையில் ஓட்டுகிற மாதிரி. "ஏன்ப்பா ஒடிக்கிறீங்க?" "கல்லு வருதுல்ல." "அங்க கல்லே இல்லப்பா." அவர் கையை எடுத்துவிட்டார். கப்பல் தானாகப் போய்க்கொண்டிருந்தது, இல்லாத கற்களின் ஊடாக, ஒன்றும் ஆகவில்லை. அப்பா திரையைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்தார், அங்கேயும் கல் இருந்திருக்கிறது. கண்ணுக்குள் ரத்தம் கசிந்திருக்கிறது என்று பிறகு இதே ஆஸ்பத்திரியில்தான் சொன்னார்கள். நான் அதைச் சொல்லாமல் இருந்திருந்தால் இன்னும் கொஞ்சநாள் ஒடித்து ஒடித்து ஓட்டியிருப்பார் என்று எனக்குத் தோன்றும், இது சரியான எண்ணம் இல்லை, சீக்கிரம் தெரிந்ததுதான் நல்லது என்று டாக்டரே சொன்னார், இருந்தாலும் தோன்றும்.

"படிக்கிறியா, தூங்கிட்டியா?" படிக்கிறேன்ப்பா. பயல் வால்வைக் கையில் எடுத்தான், அது கழன்று கழன்று வந்தது, மரை தேய்ந்திருந்தது என்று சொல்கிறேன். என் கண்ணுக்கு முன்னால் அச்சில் இருப்பது அதுவல்ல. அச்சில் பயல் காற்று வெளியே போகாமல் அடைக்கிற கதவுக்குப் பக்கத்தில் நிற்கிறான், வால்வெல்லாம் எப்போதோ மாட்டியாகிவிட்டது, விளக்கு எரிகிறது, பெருசு அவனுக்கு உணவுப் பொட்டலம் கட்டிக் கொடுத்துவிட்டது, கதவு சாத்தப்போகிறது. இந்த இடத்துக்கு வந்தால் என் நாக்கு நின்றுவிடுகிறது. மூன்று பாகத்தையும் நான்தான் படித்துச் சொல்கிறேன், கேமை வைத்துப் புத்தகமும் எழுதியிருக்கிறார்கள் என்று நான் ஒருநாள் வாய்தவறிச் சொன்னபோது அப்பா உடனே, "வாங்கிட்டு வா" என்றார், எதற்கு என்று சொல்லவில்லை, பழைய புத்தகமாக ஒவ்வொன்றாக வரவழைத்தேன். ஆங்கிலம். எங்கள் வீட்டில் அதைப் படிக்கத் தெரிந்த ஒரே ஆள் நான், அதுவும் தட்டுத்தடுமாறி, காலேஜ் முதல் வருடம் முழுக்க வகுப்பில் சிரிக்க வேண்டிய இடத்தில் மற்றவர்கள் சிரித்த பிறகு சிரித்தவன். முதல் பாகத்துக்கு முந்தின நாளே அகராதி பார்த்து வைத்துக்கொண்டு வந்து, சரளமாக வருவதுபோல் தமிழில் சொல்வேன், நடுவில் இருமுவது போல் நிறுத்தி அடுத்த வரியை மனதுக்குள் கட்டிக்கொள்வேன். இரண்டாம் பாகத்துக்குள் பழகிவிட்டது. இப்போது அகராதி வேண்டாம், இந்தப் பக்கத்தில் எனக்குப் புரியாத சொல் ஒன்றுகூட இல்லை, அதுதான் கஷ்டம். எல்லாம் சின்னச் சின்னச் சொல். அவன் திரும்பிப் பார்த்தான். கிழவர் கையைத் தூக்கவில்லை. இதைத் தமிழில் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்.

மெயில் வந்த அன்றுதான் கதை இந்தப் பக்கத்துக்கு வந்தது. நொய்டா, சாஃப்ட்வேர் சோதிக்கிற வேலை, கேம் இல்லை, ஏதோ பேங்க் சமாச்சாரம், சம்பளம் அம்மாவிடம் சொன்னால் நம்பமாட்டாள். அன்று சாயங்காலம் அப்பா படி என்றார், நான் புத்தகத்தை எடுத்தேன், பயல் கிளம்புகிறான், வாயைத் திறந்தேன், கிளம்பும்போது எஞ்சினில் ஏதோ சத்தம் வந்தது என்று சொல்லிவிட்டேன். புத்தகத்தில் சத்தம் எதுவும் இல்லை. மறுநாள் அந்தச் சத்தத்துக்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது, வால்வு. அதன் மறுநாள் வேறு வால்வு கிடைக்கவில்லை, பிறகு பெருசுக்குக் காய்ச்சல், பயல் கஞ்சி வைத்தான், பிறகு வால்வு கிடைத்தது ஆனால் மரை சேரவில்லை. நானே கட்டுகிற கதை புத்தகத்தைவிட மட்டமாக இருக்கிறது என்று எனக்கே தெரிகிறது, ஆனால் அதில் யாரும் யாரையும் விட்டுவிட்டுப் போவதில்லை. இன்றைக்கு டாக்டர் நல்லது சொன்னால் மெயிலுக்குச் சரி என்று பதில் போடலாம், கெட்டது சொன்னால் வேண்டாம் என்று போடலாம், இப்படித்தான் கணக்கு வைத்திருந்தேன், அதாவது முடிவை அப்பாவின் கண்ணுக்குள் தள்ளிவிட்டேன். பஸ்ஸில் வரும்போது சொல்லிவிடலாம் என்று இருந்தேன், திருமங்கலம் தாண்டியதும், பிறகு பாலம் தாண்டியதும், பிறகு சீட்டு போட்டதும். வேண்டாம் என்று பதில் போட்டுவிட்டால் சொல்லவே வேண்டியதில்லை. அது ஒரு நிம்மதியாக நெஞ்சுக்குள் வருகிறது, வந்ததும் பயமாக இருக்கிறது, நாற்பது வயதில் இவரிடம் எரிந்து விழுவேனோ, உங்களால்தான் என்று ஒருநாள் சொல்லிவிடுவேனோ, சோற்றுத் தட்டுக்கு முன்னால், ஒரு காரணமும் இல்லாமல்.

மேலூர் அம்மாளுக்குப் போன் வருகிறது, கண்ணைத் திறக்காமல் இடுப்பில் தேடி எடுப்பதற்குள் நின்றுவிடுகிறது. இரண்டே ஒலி. அப்பாவின் தலை லேசாக நிமிர்கிறது, என் தலையும். எங்கள் வீட்டில் இரண்டு ஒலி என்றால் அது வேறு. அப்பா லாரியில் போன காலத்தில் லோடு இறக்கியதும் ஊருக்கு இரண்டு ரிங் விட்டு வைத்துவிடுவார், எடுக்கக் கூடாது, எடுத்தால் காசு, எடுக்காவிட்டால் செய்தி. அம்மா அந்த நாட்களில் கறிவேப்பிலை ஆய்ந்துகொண்டே போனைப் பார்த்துக்கொண்டிருப்பாள். போய்ச் சேர்ந்துட்டாரா என்று கேட்கமாட்டாள், லாரிக்காரன் வீட்டில் அந்த வார்த்தை ஆகாது, சாவுக்குச் சொல்கிற வார்த்தை அது, "வண்டி எட்டிருச்சா" என்பாள், யாரைக் கேட்கிறாள், வீட்டில் என்னைத் தவிர யார். இரண்டு ஒலி கேட்டதும் எழுந்து போய் உலை வைப்பாள். ஒரு தடவை நான் எடுத்துவிட்டேன், எனக்கு அவர் குரல் வேண்டியிருந்தது, எடுத்தால் ஒரே ஹாரன் சத்தம், அதற்குள்ளிருந்து அப்பா, "எவன்டா எடுத்தது, வைடா" என்றார், வைத்துவிட்டேன். நாக்பூரின் குரல் எப்படி இருக்கும் என்றால் எனக்கு அதுதான்.

நர்ஸ் வந்து இரண்டாவது சொட்டு விடுகிறாள். அப்பாவின் இமையைப் பிரித்தபோது பார்த்தேன், கறுப்பு பெரிதாகியிருக்கிறது, ஓரத்தில் மெல்லிய வளையமாக மட்டும் கண் மிச்சமிருக்கிறது. "இன்னும் கொஞ்ச நேரந்தான், பேரைச் சொல்லிக் கூப்பிடுவாங்க" என்கிறாள். அப்பா துண்டால் கன்னத்தைத் துடைத்துக்கொண்டு, வேறு ஏதோ யோசித்து முடித்தவர் போல, "அழகு, ஒண்ணு கேப்பேன், சங்கடப்படக் கூடாது" என்கிறார். என் கை சட்டைப் பையிலிருக்கிற போன்மேல் போகிறது. அம்மாவுக்குத் தெரிந்துவிட்டதா, மெயிலை யாராவது பார்த்தார்களா. "அந்தப் பக்கம் உனக்கு வெளங்கலையா?" "எந்தப் பக்கம்?" "இந்த வால்வு. ஒரு வால்வுக்கு ரெண்டு வாரமா எவன்டா வண்டிய நிப்பாட்டி வைப்பான். நீயா அடிச்சு விடுறேன்னு தெரியுது. இங்கிலீசு அந்த எடத்துல கஷ்டமா இருக்கும்போல, புள்ள வெளிய சொல்ல மாட்டாமத் தவிக்கிறான், கேட்டா கூசிப்போவான்னுதான் நானும் கேக்கல. வெளங்கலைன்னா விட்ரு. உங்க வாத்தியாரு யார்கிட்டயாச்சும் கேட்டுட்டு வந்து சொல்லு, அவசரமில்ல." நான் வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறேன், சொட்டு விடாமலே. இரண்டு வாரமாக நான் அவரைக் காப்பாற்றிக்கொண்டிருந்தேன், அவர் என்னைக் காப்பாற்றிக்கொண்டிருந்திருக்கிறார், என் ஆங்கிலத்தை, யாருக்கும் தெரியாமல். காய்ச்சலுக்குக் கஞ்சி வைத்ததையெல்லாம் "ம், ம்" என்று கேட்டுக்கொண்டிருந்தாரே. "வெளங்குதுப்பா," என்கிறேன். "அவன் கிளம்புறான். பெருச விட்டுட்டு." "அது தெரியும்டா," என்கிறார் அப்பா, கொஞ்சம் எரிச்சலோடு, "கேம்லதான் பாத்தாச்சே. கதவு சாத்தும், பெருசு வெளக்க ஒரு ஆட்டு ஆட்டும், அப்புறம் வரிசையா எழுத்து ஓடும். எத்தன தடவ முடிச்சிருப்பேன். முடிச்சு முடிச்சு மறுபடி மொதல்லருந்து. கிளம்புனவன் எட்டுனானா இல்லையான்னு மட்டும் காட்டமாட்டான். அதுக்குத்தான புத்தகம் வாங்கச் சொன்னது."

அதற்குத்தான். நான் கதவைச் சாத்தவிடாமல் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன், அவர் கதவுக்கு அந்தப் பக்கம் என்ன என்று கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறார். சொல்லு, இப்போது சொல்லிவிடு, மெயில் என்று ஆரம்பித்தால் போதும், மற்றது தானாக வரும், "அப்பா" என்கிறேன், உள்ளேயிருந்து "சங்கிலி, சாத்தூர் சங்கிலி" என்று கூப்பிடுகிறார்கள். அப்பா எழுந்து என் தோளைப் பிடிக்கிறார். இருட்டறை வாசல் வரைக்கும் கூட்டிக்கொண்டு போகிறேன், கூட வந்தவங்க வெளியில இருங்க என்கிறாள் நர்ஸ், அவர் கை என் தோளிலிருந்து அவள் முழங்கைக்கு மாறுகிறது, எதையோ ஒப்படைப்பது போல. கதவு சாத்துகிறது. அது சாதாரண ஆஸ்பத்திரிக் கதவுதான், ரப்பர் வைத்தது, சத்தம்கூட இல்லை. நான் பெஞ்சுக்கு வந்து உட்காருகிறேன். "தம்பி, அந்தப் பையன் செத்துட்டானா இருக்கானா?" என்று மேலூர் அம்மாள் கேட்கிறார். "தெரியலம்மா, நானும் இன்னும் படிக்கல." உண்மைதான். நான் அந்தப் பக்கத்தைத் தாண்டவே இல்லை. வெளியே வந்ததும் அவர் முதலில் இதைத்தான் கேட்பார், வேறு எதைக் கேட்டாலும் என்னிடம் பதில் இல்லை, இதற்காவது இருக்கட்டும் என்று புரட்டுகிறேன், இரண்டு வாரத்தில் முதல்முறையாக உண்மையிலேயே. பயல் தனியாக இருக்கிறான். பெருசோடு ரேடியோவில் பேசுகிறான். முதல் நாள் பேசி முடித்ததும் பதில் வந்துவிடுகிறது. பிறகு அவன் ஒரு வாய் சாப்பிட்டு முடிப்பதற்குள் வருகிறது. பிறகு தூங்கி எழுந்தால் வருகிறது, என்ன கேட்டோம் என்று அவனுக்கே மறந்த பிறகு. தூரம் கூடக் கூடக் குரல் வந்து சேர நேரமாகிறது, யார்மீதும் குற்றமில்லை. எழுத்து கலங்குகிறது, எனக்கு யாரும் சொட்டு விடவில்லை.

நர்ஸ் அவரைக் கூட்டி வரும்போது அப்பா தரையைக் காலால் தொட்டுத் தொட்டு வருகிறார், இருட்டறையிலிருந்து வெளிச்சத்துக்கு வந்தால் எல்லோரும் அப்படித்தான் வருவார்கள், இவர் அதைவிடக் கொஞ்சம் அதிகமாக. நர்ஸ் என்னிடம் தாழ்ந்த குரலில் சொல்கிறாள், இடது கண்ணுல இனிமே வெளிச்சம் மட்டும்தான் தெரியும், வலது கண்ண இருக்கிறபடி காப்பாத்த ஊசி போடலாம், மாசாமாசம் வரணும், டாக்டர் கூப்பிட்டுப் பேசுவாங்க, இருங்க. அப்பாவுக்கும் கேட்டிருக்கும். அவர் உட்கார்ந்து, துண்டை மடித்துத் தொடையில் வைத்துக்கொண்டு, "எட்டுனானாடா?" என்கிறார். "போய்க்கிட்டிருக்கான்ப்பா." "ம்." பிறகு நான் சொல்கிறேன். நல்ல விதமாகச் சொல்ல வேண்டும் என்று பஸ்ஸில் கோத்து வைத்திருந்த எதுவும் வரவில்லை, அப்பா எனக்கு வேலை கிடைச்சிருக்கு, நொய்டால, தில்லிப் பக்கம், இன்னைக்குப் பதில் சொல்லணும், உங்க கண்ணு சரியானா போலாம்னு இருந்தேன் என்று ஒரே மூச்சில், இதைவிட மோசமான நேரம் கிடைக்காது என்று தெரிந்தே. பெஞ்சின் கடைசியில் யாரோ தும்முகிறார்கள். அப்பா மெதுவாக என் பக்கம் திரும்புகிறார், அந்தப் பெரிய கறுப்புக் கண்களை என் முகத்துக்குச் சற்றுத் தள்ளி வைத்து, "நான் நாக்பூரத் தாண்டுனதில்ல," என்கிறார். கொஞ்சம் கழித்து, "சப்பாத்திதான் திங்கணும்." "ஆமாப்பா." "ஊசிக்கு உங்கம்மா கூட்டியாருவா. லீவு போடச் சொல்லணும்." அவர் கை துண்டை மறுபடி பிரித்து மறுபடி மடிக்கிறது, மடிப்பு சேரவில்லை. நான் போகல என்று சொல்ல வாய் வருகிறது, சொல்லவில்லை, போறேன் என்றும் சொல்லவில்லை. "எறங்குனதும் ரெண்டு ரிங் விட்டு வச்சிரு," என்கிறார். "அம்மா ஒல வைக்கணும்ல." "எடுத்துப் பேசுங்கப்பா. இப்பல்லாம் அதுக்குக் காசு போகாது." "காசுக்கில்லடா," என்று சொல்லிவிட்டு அப்பா கண்ணை மூடிக்கொள்கிறார், யாரும் மூடச் சொல்லாமலே. "எடுத்தா அப்புறம் வைக்கணும்ல."